சங்கு நின்ற ஊரில் எந்தத் தொழிலைக் கற்பது?

விடிவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. மாரிகுப்பம் ஸ்டேஷனில் பெங்களூர் வண்டி புறப்படத் தயாராக நிற்கிறது. கையில் டிபன் டப்பா, தோளில் பை, சட்டைப் பையில் சீசன் டிக்கெட் என்று ஆட்கள் வந்து ஏறுகிறார்கள். சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று அடுத்தடுத்த ஸ்டேஷன்களிலும் இதே கதைதான். பங்காருப்பேட்டை வருமுன்பே உட்கார இடம் கிடையாது. நின்றபடியே தூங்கப் பழகியவர்கள் பலர்.

இந்தக் கிளைப் பாதை 1894-ல் போடப்பட்டது. சுரங்கத்துக்கு இயந்திரமும் மரமும் ஆளும் கொண்டு வருவதற்காகப் போட்ட பத்து மைல் பாதை அது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் இந்தப் பாதையில்தான் வந்து இறங்கின. இன்று அதே தண்டவாளம் காலையில் ஊரைக் காலி செய்து கொண்டு போகிறது. இரவில் திரும்பக் கொண்டு வந்து இறக்குகிறது.

வண்டியில் போகும் இளைஞர்களை மட்டும் எடுத்துக் கொள்வோம். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் உண்டு. டிப்ளமா, பி.காம்., ஏன், பி.இ. முடித்தவர்களும் உண்டு. ஆனால் படித்தது ஒன்று, பார்க்கும் வேலை வேறொன்று. பிட்டர் சான்றிதழ் வைத்திருப்பவர் கடை வளாகத்தின் வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார். வெல்டிங் படித்தவர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். எலக்ட்ரீஷியன் மட்டும் எப்படியோ தன் தொழிலை விடாமல் பிடித்துக் கொண்டிருக்கிறார். இது ஏன் இப்படி? பையன்கள் சரியாகப் படிக்கவில்லையா, படிப்பு சரியில்லையா, அல்லது ஊருக்கும் படிப்புக்கும் பொருத்தமே இல்லாமல் போய்விட்டதா?

தங்க வயலில் இந்தக் கேள்விக்கு மற்ற ஊர்களைவிட எடை அதிகம். ஒரே முதலாளிக்காக மூன்று தலைமுறை தொழில் கற்ற ஊர் இது.

அப்பன் கற்றுக் கொடுத்த தொழில்

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. அதன் பிறகு வந்த எழுபத்தைந்து ஆண்டுகளில் தொழிற்பள்ளி என்று தனியாக ஒன்று பெரிதாகத் தேவைப்படவில்லை. சுரங்கமே பள்ளிக்கூடம். மேஸ்திரியின் கீழ் கூலியாகச் சேருகிற பையன், நாலு வருஷத்தில் டிரில் பிடிக்கக் கற்றுக் கொள்வான். எந்தப் பாறை 'பேசுகிறது', எது பேசாமல் இருந்து திடீரென்று வெடிக்கும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே அறுபது டிகிரிக்கு மேல் சுடும். அங்கே வேலை செய்யக் கற்பது சாதாரணக் கல்வி அல்ல.

1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு வந்தார்கள். நாட்டின் பெரிய நகரங்கள் பலவற்றில் எண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில் தங்க வயலில் மோட்டார் ஓடியது. மோட்டார் வந்ததும் வயர்மேன் வேண்டும், கம்ப்ரஸர் பார்க்க ஆள் வேண்டும், வார்ப்பட வேலைக்கு, கடைசல் வேலைக்கு ஆள் வேண்டும். சுரங்கத்தின் ஒர்க்ஷாப்பில் இத்தனை கைத்தொழிலும் வளர்ந்தன. அவற்றையும் பார்த்துப் பழகித்தான் கற்றார்கள். அப்பன் ரிட்டயர் ஆனால் மகன் உள்ளே போவான். கல்விக்கும் வேலைக்கும் இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? வேலை எங்கே இருக்கிறது என்று யாரும் தேட வேண்டியதில்லை. காலைச் சங்கு ஊதினால் தெரியும்.

பிற்காலத்தில் சட்டம் கடுமையானது. 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைப்படி வெடி வைக்கிற பிளாஸ்டர், மேட், போர்மேன், கேஜை ஏற்றி இறக்கும் வைண்டிங் டிரைவர் எல்லாருக்கும் சான்றிதழ் வேண்டும். அதற்கான பரீட்சையைத் தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் நடத்தும். 1966-ல் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகளும் வந்தன. புதிதாகச் சேருகிறவனுக்கு முதலில் பாடம், பிறகுதான் சாப்ட். தங்க வயலில் இந்தச் சான்றிதழ்களை வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியவர்கள் உண்டு. மாட்டத் தகுந்த சான்றிதழ்தான். நூற்றுக்கணக்கான பேர் உயிர் வைண்டிங் டிரைவர் கையில் இருந்தது.

ஆனால் அந்தச் சான்றிதழ் எந்த ஊரில் செல்லும் என்பதை அன்று யார் யோசித்தார்கள்?

மூடுவது தெரிந்திருந்தது

சுரங்கம் திடீரென்று மூடவில்லை. ஆரம்ப நாட்களில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசிக் காலத்தில் மூன்று, நான்கு கிராம்தான். 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக் கொண்டது, 1962-ல் மத்திய அரசுக்குப் போனது, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற கம்பெனியானது. 1992-ல் நலிந்த தொழில்களைக் கவனிக்கும் வாரியத்தின் முன் போனது. 2000 ஜூனில் அந்த வாரியம் கம்பெனியைக் கலைக்கச் சொல்லிவிட்டது. 2001 பிப்ரவரி கடைசி நாளோடு வேலை நின்றது.

கணக்கிட்டுப் பார்த்தால், நோய் தெரிந்ததற்கும் மூடியதற்கும் நடுவே ஒன்பது ஆண்டுகள். ஒன்பது ஆண்டில் ஒரு பையன் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஐ.டி.ஐ.யை முடித்து விடலாம். அந்த ஒன்பது ஆண்டில் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு என்ன கற்றுத் தரலாம் என்று உட்கார்ந்து யோசித்திருந்தால் போதும். பிழைக்குமா, பிழைக்காதா என்பதிலேயே காலம் போயிற்று. யூனியன்களையும் இதில் முழுக்கக் குறை சொல்ல முடியாது. சுரங்கம் போனால் என்ன செய்யலாம் என்று வாய் திறந்தாலே, மூடச் சம்மதித்து விட்டான் என்று பேச்சு வரும்.

ஜெர்மனியின் ரூர் பிரதேசத்தை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அதுவும் சுரங்கச் சீமைதான், நிலக்கரி. கரித்தொழிலுக்குக் கொடுத்து வந்த மானியத்தை நிறுத்தி, 2018-க்குள் கடைசிச் சுரங்கத்தையும் மூடுவது என்று 2007-லேயே முடிவு செய்து அறிவித்தார்கள். பதினோரு ஆண்டு அவகாசம். வயதானவர்களுக்கு முன்கூட்டியே பென்ஷன், இளையவர்களுக்கு வேறு தொழிற்பயிற்சி. 2018 டிசம்பரில் போட்ராப் ஊரின் கடைசிச் சுரங்கம் சொன்னபடி மூடியது. அதற்கு வெகு காலம் முன்பே, 1965-ல், போகும் நகரில் பல்கலைக்கழகம் திறந்து விட்டார்கள். கரிக்காரன் பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்காக.

அங்கேயும் ஒரு சறுக்கல் நடந்தது. அதைத்தான் நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அதே போகும் நகரில், மூடிய சுரங்கத்தின் இடத்தில் 1962-ல் ஓப்பல் கார்த் தொழிற்சாலை வந்தது. ஊரே அதை நம்பியது. பிள்ளைகள் கார் வேலைக்கே பழகினார்கள். 2014 டிசம்பரில் ஓப்பலும் கதவை மூடிவிட்டுப் போனது. ஒரு முதலாளியை விட்டு இன்னொரு முதலாளிக்குத் தாவினால் போதும் என்று நினைத்ததற்குக் கிடைத்த பலன்.

யாருக்குப் பிழைப்புக் கிடைத்தது?

2001-க்குப் பிறகு தங்க வயலில் நடந்ததைப் பார்த்தாலே பாடம் தெரியும். வேலை போனவர்கள் மூவாயிரம் பேருக்கு மேல். அவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

நிலத்துக்கு மேலே ஒர்க்ஷாப்பில் இருந்த எலக்ட்ரீஷியன், பிட்டர், வெல்டர், டர்னர் இவர்களில் வயது இருந்தவர்கள் பெங்களூரிலும் ஓசூரிலும் ஏதாவது ஒரு ஷெட்டில் ஒட்டிக் கொண்டார்கள். சம்பளம் குறைவு, பி.எப். இல்லை. ஆனால் கையில் உள்ள தொழில் கைவிடவில்லை.

நிலத்துக்குக் கீழே இருந்தவர்கள் கதை வேறு. டிரில் அடித்தவர், மரம் முட்டுக் கொடுத்தவர், பிளாஸ்டர், மேட் இவர்களுக்கு நூறு மைல் சுற்றளவில் வேறு சுரங்கம் இல்லை. மேட் சான்றிதழை எடுத்துக் கொண்டு சிங்கரேணிக் கரிச் சுரங்கத்துக்குப் போகலாமா என்றால், அதுவும் முடியாது. கரிக்கு வேறு சட்டம், வேறு பரீட்சை. அங்கே சர்தார், ஓவர்மேன் என்று வேறு பெயர். உலோகச் சுரங்கத்துக்குத்தான் இவர்கள் சான்றிதழ் செல்லும். ஆகவே ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி தங்கச் சுரங்கம், ஜாதுகுடா யுரேனியச் சுரங்கம், ராஜஸ்தான் துத்தநாகச் சுரங்கங்கள் என்று தூரம் தூரமாகத் தேடினால்தான் உண்டு. இளைஞர்களில் சிலர் போனார்கள், நன்றாகவும் வந்தார்கள். ஐம்பது வயதுக்காரர் லைன் வீட்டை விட்டு எங்கே போவார்? வந்த தொகை மகள் கல்யாணத்துக்கும் கடனுக்கும் சரியாகப் போயிற்று.

இங்கே இன்னொரு பழைய சங்கதி ஞாபகத்துக்கு வருகிறது. தங்க வயலுக்கு மேலாளர்களாக வந்த வெள்ளைக்காரர்களில் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்காரர்கள். அவர்கள் ஊரிலும் தகரச் சுரங்கம் நொடித்துத்தான் போனது. ஆனால் கேம்போர்ன் ஊரில் 1888-ல் நிறுவிய சுரங்கப் பள்ளி தங்கள் ஊர்ச் சுரங்கத்துக்கு மட்டும் பாடம் சொல்லித் தரவில்லை. எந்த நாட்டுச் சுரங்கத்துக்கும் போகத் தக்கபடி சொல்லித் தந்தது. ஊரின் கடைசித் தகரச் சுரங்கம் 1998-ல் மூடியது. பள்ளி இன்னும் நடக்கிறது, பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து.

தங்க வயலிலும் அப்படி ஒன்று இல்லாமல் போகவில்லை. உரிகம் பகுதியில் அரசின் சுரங்கப் பள்ளி டிப்ளமா தருகிறது. 1986-ல் கோல்டன் வேலி என்ற பெயரில் தொடங்கி, இப்போது டாக்டர் டி.திம்மையா பெயரில் நடக்கும் பொறியியல் கல்லூரியில் சுரங்கப் பொறியியல் பட்டப்படிப்பு உண்டு. சுரங்கம் மூடிய ஊரில் சுரங்கப் படிப்பா என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிரிக்க வேண்டியதில்லை. ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் ராஜஸ்தானிலும் சத்தீஸ்கரிலும் சுரங்கம் தோண்டிக் கொண்டுதான் இருக்கிறார்கள். டிப்ளமாவோடு போர்மேன் சான்றிதழும் வாங்கியவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரே நிபந்தனை: ஊரை விட்டுப் போகத் துணிய வேண்டும். சேரும்போதே அம்மாவும் அப்பாவும் இதைத் தெரிந்து கொண்டு சேர்க்க வேண்டும்.

பெமல் என்கிற இரண்டாவது சங்கு

சுரங்கத்துக்கு அடுத்தபடி ஊரில் பெரிய பெயர் பெமல். 1964-ல் தொடங்கிய கம்பெனி. புல்டோசர், எக்ஸ்கவேட்டர் முதலிய மண் தள்ளும் இயந்திரங்கள் இங்கே தயாராகின்றன. பெமலில் பர்மனென்ட் வேலை என்றால் பெண் கொடுக்கக் கேள்வி கேட்க மாட்டார்கள். அப்ரெண்டிஸ் முடித்து, காண்ட்ராக்டில் சேர்ந்து, பர்மனென்ட் ஆவோம் ஆவோம் என்று காத்திருந்தே முப்பது வயதைக் கடந்தவர்களும் ஊரில் உண்டு.

அப்ரெண்டிஸ் பயிற்சியைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மாதிரிப் பெரிய ஒர்க்ஷாப்பில் ஒரு வருஷம் கை பழகினால் அதற்கு விலை உண்டு. ஆனால் பயிற்சி என்பது வேறு, வேலை வாக்குறுதி என்பது வேறு. 1961-ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டப்படி பயிற்சி கொடுத்த முதலாளி வேலையும் கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பல வீடுகளில் இது தெரியாது. என்.ஏ.சி. என்கிற அப்ரெண்டிஸ் சான்றிதழைக் கையில் வாங்கியதும் ஓசூர், பெங்களூர் என்று நாலு இடத்தில் கேட்க வேண்டியவர்கள், உள்ளூர் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள்.

ஒரு பெரிய கம்பெனியை நம்பும் பழக்கம் தங்க வயலுக்கு மட்டும் சொந்தமில்லை. பெங்களூரில் ஐ.டி.ஐ. என்றால் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று தொழிற்பயிற்சிக் கூடம். மற்றது கிருஷ்ணராஜபுரத்துக்குப் பக்கத்தில் 1948-ல் வந்த டெலிபோன் தொழிற்சாலை. முதல் ஐ.டி.ஐ.யில் படித்து இரண்டாவது ஐ.டி.ஐ.யில் ரிட்டயர் ஆன தமிழர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை 1961-ல் வந்தது. கடிகாரக் கம்பெனியை மூட 2016-ல் முடிவு செய்து விட்டார்கள். கடிகாரம் பூட்டத் தெரிந்த கை எவ்வளவு நுட்பமான கை! அந்தக் கைக்கு வேறெங்கும் கூலி வைக்க ஆளில்லை.

வேலை எங்கே இருக்கிறது?

இன்றைக்குக் கோலார் மாவட்டத்தில் வேலை இருக்கிறது. நரசாபுரத்தில் ஹோண்டா ஸ்கூட்டர் தொழிற்சாலை 2013-ல் திறந்தது. அதே பகுதியில் 2020-ல் விஸ்ட்ரான் கம்பெனி ஐபோன் பூட்டத் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி சம்பளப் பிரச்சினையில் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் கொதித்து, ஆலை சேதமாகி, ஊர் உலகமெல்லாம் பேச்சானது. 2023 நவம்பரில் ஆலை டாடா எலக்ட்ரானிக்ஸ் கைக்கு வந்தது. பக்கத்திலேயே வேமகல், மாலூர் என்று தொழிற்பேட்டைகள். ஹொசக்கோட்டையில் வோல்வோ.

தங்க வயலிலிருந்து நரசாபுரம் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். பெங்களூர் அதைப்போல இரண்டு மடங்கு. அப்படியிருந்தும் ஊர் ஜனம் பெங்களூருக்கே ஓடுகிறது. காரணம் வேறொன்றுமில்லை, ரயில். நரசாபுரம் பெரிய ரோட்டின் மேல் இருக்கிறது. ரயில் ஸ்டேஷன் கிடையாது. தங்க வயல்காரனுக்கு வேலை கிடைக்கிற எல்லை என்பது பங்காருப்பேட்டை, டேக்கல், மாலூர், தேவன்கொந்தி, ஒயிட்பீல்டு, கிருஷ்ணராஜபுரம், கண்டோன்மென்ட் என்று தண்டவாளத்தை ஒட்டியே போகிறது. கம்பெனி பஸ் விடுகிற தொழிற்சாலை இருந்தால் அந்தப் பஸ் நிற்கிற இடம் வரைக்கும். ஆபீசில் உட்கார்ந்து மாவட்டத்தில் எத்தனை வேலை காலி என்று கணக்கெடுப்பவர்கள், காலை ஷிப்டுக்கு அந்த வேலைக்கு எந்த வண்டியில் போவது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். போன் பூட்டும் ஆலைகளில் பெண்களைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து மாரிகுப்பம் லைனுக்கு எப்படித் திரும்புவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அந்த வேலை இருந்தும் இல்லாததுதான். ஹாஸ்டல் உண்டா, பஸ் உண்டா என்று முதலில் கேட்கிற தாய்மார்கள் புத்திசாலிகள்.

அடுத்தது, அந்த ஆலைகளுக்கு என்ன தொழில் வேண்டும் என்பது. போனைப் பூட்டுவதைச் சில நாளில் கற்றுக் கொடுத்து விடுகிறார்கள். அதற்காகப் பள்ளியில் ஒரு வருஷம் செலவழிப்பது வீண். அது தொழில் அல்ல, ஒரு வேலை. லைன் நின்று விட்டால் ஏன் நின்றது என்று கண்டுபிடித்து ஓட்டி விடுகிறவன் கதையே வேறு. மோட்டார், சென்சார், நியூமேட்டிக் வால்வு, பி.எல்.சி. என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி, இவை தெரிந்த மெயின்டனன்ஸ் ஆளுக்கு ஸ்கூட்டர் ஆலையிலும் வேலை உண்டு, பிஸ்கட் ஆலையிலும் உண்டு, ஆஸ்பத்திரியின் லிப்ட் அறையிலும் உண்டு. சுரங்கம் மூடியபோது எலக்ட்ரீஷியன் தப்பித்ததும் இதனால்தான்.

தொழிற்கல்வியை உள்ளூர்த் தேவைக்கு ஏற்ப அமைக்க வேண்டும் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். சரிதான். ஆனால் உள்ளூர்த் தேவை என்பதை உள்ளூர்க் கம்பெனியின் தேவை என்று சுருக்கிக் கொண்டால், தங்க வயல் ஒரு முறை பட்டதையே இன்னொரு முறை படும். கம்பெனிக்காரர்கள் தங்கள் இயந்திரத்தை மட்டும் சொல்லிக் கொடுக்கச் சொல்லுவார்கள். அது அவர்கள் லாபம். ஆசிரியர் அதற்குக் கீழே இருக்கும் அடிப்படையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அது பையன் லாபம்.

மாறியதும் மாறாததும்

கர்நாடகத்தில் 150 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜீஸ் கம்பெனியோடு சேர்ந்து புதுப்பித்தார்கள். 2022 ஜூனில் பிரதமர் தொடங்கி வைத்தார். ரோபோ, கம்ப்யூட்டர் கடைசல் இயந்திரம், மின்சார வண்டி என்று புதிய பாடங்கள். பழைய லேத்தை மட்டுமே பார்த்த கூடங்களுக்கு இது பெரிய மாற்றம். இயந்திரம் வந்தால் போதுமா, அதை ஓட்டிக் காட்ட ஆசிரியர் வேண்டாமா என்ற கேள்வி எல்லா மாவட்டத்துக்கும் பொது.

2016-லிருந்து இரட்டை முறைப் பயிற்சி என்று ஒரு ஏற்பாடும் இருக்கிறது. பாடத்தின் ஒரு பகுதி ஐ.டி.ஐ.யில், ஒரு பகுதி தொழிற்சாலையில். 2019 அப்ரெண்டிஸ் விதிகளின்படி, முப்பதும் அதற்கு மேலும் ஆட்கள் உள்ள நிறுவனம், காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்த தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை அப்ரெண்டிஸ் எடுத்தாக வேண்டும். நரசாபுரம் ஆலைகளின் அளவுக்கு இதைக் கணக்கிட்டால் சின்ன எண்ணிக்கை வராது. தங்க வயல் ஐ.டி.ஐ.க்களின் முதல்வர்கள் மாதம் ஒரு முறை அந்த ஆலைகளின் வாசலுக்குப் போய் வந்தால், எந்தச் சர்க்குலரும் செய்யாததை அது செய்யும்.

மொழி விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லி விடலாம். தமிழ் வழியில் படித்த பிள்ளை ஐ.டி.ஐ. போனால் பாடம் கன்னடத்தில் அல்லது ஆங்கிலத்தில் வருகிறது. முதல் ஆறு மாதம் திண்டாட்டம். கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுக் கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆலையில் சூபர்வைசர் நோட்டீஸ் போடுவது அதில்தான். ஆங்கிலத்தைப் பற்றித் தங்க வயல் பிள்ளைகளுக்குப் பயமே வேண்டாம். சாப்ட், கேஜ், ஸ்டோப், ஸ்கிப் என்று பாட்டன் காலத்திலிருந்தே பாதி ஆங்கிலத்தில்தான் இந்த ஊர்த் தொழில் நடந்தது. பெங்களூர் கால் சென்டர்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இந்த ஊர்ப் பிள்ளைகள் நிறைய இருப்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

சைனைடு மேடும் சில நம்பிக்கைகளும்

2024 ஜூனில் கர்நாடக மந்திரி சபை ஒரு முடிவு எடுத்தது. ஆயிரம் ஏக்கரில் நிற்கும் 13 சைனைடு மண் மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க மத்திய அரசுக்குச் சம்மதம் தந்தது. உடனே ஊரில் பேச்சு: சுரங்கம் திறக்கப் போகிறது! பழைய மேட் சான்றிதழைத் துடைத்து வைத்தவர்கள் உண்டு.

விஷயம் அதுவல்ல. இது நிலத்துக்கு மேலே கிடக்கும் மண்ணை அள்ளிக் கரைத்துத் தங்கம் பிரிக்கும் வேலை. சாப்ட்டும் கேஜும் இதில் இல்லை. அப்படி வேலை வந்தால் எக்ஸ்கவேட்டர், டிப்பர் ஓட்டுபவர், பம்ப் பார்ப்பவர், ஆய்வுக்கூடத்தில் ரசாயனப் பரிசோதனை செய்பவர், எலக்ட்ரீஷியன், பிட்டர் இவர்கள்தான் தேவைப்படுவார்கள். மண்ணைத் தொடுமுன் அந்தப் பயிற்சியை இங்கேயே தொடங்கினால் வேலை வெளியூர்க் காண்ட்ராக்டருக்குப் போகாது. புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் செய்கிற ஊரில் அவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் கற்றுக் கொடுப்பது பெரிய காரியமா என்ன?

2024 கடைசியில் ஹொசக்கோட்டையிலிருந்து பேத்தமங்கலம் பக்கம் வரை புதிய சென்னை விரைவுச் சாலை போக்குவரத்துக்குத் திறந்தது. ரயில் வரைந்த பழைய எல்லையை இது கொஞ்சம் மாற்றலாம். கம்பெனி பஸ்கள் இந்தப் பக்கம் திரும்பினால் நரசாபுரமும் மாலூரும் கிட்டே வந்து விடும்.

எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த மறு வாரம் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைச் சுவர்களில் தனியார் பயிற்சிக் கூடங்களின் போஸ்டர் நிறைந்து விடும். 'நூறு சதம் வேலை' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பணம் கட்டுமுன் மூன்று விஷயம் கேட்டால் போதும். படிப்பு முடிவில் கிடைப்பது என்.டி.சி. என்கிற தேசியத் தொழிற்சான்றா, அல்லது கூடத்தின் சொந்தக் காகிதமா? போன வருஷம் அந்தத் தொழிலில் முடித்தவர்களில் நாலு பேர் விலாசம் கொடுப்பார்களா? ஒர்க்ஷாப்பில் இயந்திரம் ஓடுகிறதா, தூசி படிந்து கிடக்கிறதா? முதல் இரண்டுக்கும் ஆபீசில் பதில் சொல்லுவார்கள். மூன்றாவதைப் பையனைக் கூட்டிக் கொண்டு போய்க் கண்ணால் பார்த்து விட வேண்டும்.

விலாசம் கொடுக்காவிட்டாலும் வழி இருக்கிறது. விடியற்காலை வண்டியில் ஒரு நாள் பங்காருப்பேட்டை வரைக்கும் போய் வரலாம். எந்தப் படிப்பு எந்த வேலைக்குப் போகிறது என்பது அந்தப் பெட்டிக்குள்ளேயே தெரிந்து விடும்.